டிசம்பரில் கிளம்பிய லாரி

லிப்ராடோ எஸ்கமில்லாவைப் பெரிய மனிதர் என்று சொல்ல முடியாது. பெரிய காரியம் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் ஒருநாளும் வீட்டிலிருந்து புறப்பட்டதில்லை. சாந்தா ருஃபினாவில் அவரிடம் ஒரு லாரி இருந்தது. ஆனால் அந்த ஊரில் லாரி வைத்திருப்பவர் வெறும் லாரிக்காரர் இல்லை. ஏப்ரல் பிறந்தால் ஊரில் மெக்சிகர் குடியிருக்கும் பக்கம் முழுக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு, டெக்சஸை விட்டு வடக்கே மினசோட்டாவுக்குப் போகும். அங்கே சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களில் களை கொத்தும் வேலை. நவம்பரில் திரும்பி வருவார்கள். யாரை ஏற்றுவது, எந்தப் பண்ணையில் இறக்குவது, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை வரிசை என்பதெல்லாம் லாரிக்காரர் பேசி முடிப்பது. அதனால் அவர் சிரித்தால் நாலு வீட்டில் நிம்மதி, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் நாலு வீட்டில் தூக்கம் போகும்.

குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நிற்க அவரைத்தான் கேட்டார்கள். அவரும் மறுக்கத் தெரியாதவர். அவருடைய ஞானப்பிள்ளைகள் எத்தனை பேர் என்பதில் பங்குச் சாமியாருக்கே குழப்பம். "இவங்க என்னயவா கேக்குறாங்க? லாரியக் கேக்குறாங்க" என்று மனைவி சோனாவிடம் சொல்வார். மனக்கசப்போடு சொன்னதில்லை. எண்ணெய் அளவு பார்த்துச் சொல்வதைப் போலச் சொல்வார்.

பயணம் கிளம்பும்போது பெற்றோரிடமும் ஞானத்தகப்பனிடமும் முட்டிபோட்டு ஆசீர்வாதம் வாங்குவது அந்த மக்களின் வழக்கம். ஏப்ரல் காலையில் லாரியின் பின்பக்கம் வரிசை நிற்கும். லிப்ராடோ ஒரு கையால் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே இன்னொரு கையால் நெற்றிகளில் சிலுவை போட்டுக்கொண்டிருப்பார். கண் கயிற்றின் மேல் இருக்கும். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். ஒருமுறை பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பார்க்கக் குனிந்த பையனுக்கும் அவர் சிலுவை போட்டுவிட்டார் என்று சோனா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவன் புராட்டஸ்டண்டு வேறு.

எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். சோளமாவில் இறைச்சி வைத்து அவித்த தமால் கொண்டுவந்து கொடுத்தார்கள், கோழி கொண்டுவந்து கொடுத்தார்கள். தேவையில் இருப்பவன் சொல்லும் நன்றியை எந்தத் தராசில் நிறுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார். நம்மில் பெரும்பாலோரும் அப்படித்தான் செய்கிறோம்.

மக்காரியோ திரெவினோ அவருக்குச் சின்ன வயதுத் தோழன். ஒரே வாய்க்காலில் குதித்தவர்கள், ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டவர்கள். மக்காரியோவின் மகள் இதாலியாவுக்கு லிப்ராடோ ஞானத்தகப்பனாக நின்ற நாளிலிருந்து இருவரும் 'கொம்பாத்ரே' ஆனார்கள். குழந்தையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அதோடு நீ, வா, போ எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து நீங்க, வாங்க, போங்கதான். கொம்பாத்ரேயோடு சண்டை போடக் கூடாது, அவர் கேட்டதை மறுக்கக் கூடாது. அந்த மரியாதையில் இருவருக்கும் நடுவே ஒரு சிறிய வேலி முளைத்ததை லிப்ராடோ உணர்ந்திருந்தார். ஆனால் வேலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதாலியா நன்றாகப் படித்தாள். நவம்பரில் வந்து ஏப்ரலில் கிளம்பும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது நடுவில் மட்டும் கிடைக்கும் கதை. தொடக்கத்தையும் முடிவையும் அவள் தானே ஊகித்துக்கொண்டு தேறிவந்தாள். அது அவளுடைய கடைசி வருடம். எப்படியாவது மே மாதம்வரை தங்கிச் சான்றிதழ் வாங்கினால் அந்தக் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் அவள்தான்.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகப் பிள்ளைகள். ஆனால் நடத்தியது வெள்ளைக்காரர்கள். விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷில் ஒரு வார்த்தை பேசினால் குனியச் சொல்லி மரப்பலகையால் அடிப்பார்கள். பந்தயங்களில் ஆடிக் கூவி உற்சாகப்படுத்தும் சியர் லீடர் பெண்கள் நான்கு பேர் என்றால் அதில் ஒருத்திதான் மெக்சிகப் பெண்ணாக இருக்கலாம் என்று எழுதாத சட்டம். வருட விழா ராணியாக ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அவளுடைய அம்மாவோ அப்பாவோ அதே பள்ளியில் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. களை கொத்தப் போனவர்களில் யார் முடித்திருக்கிறார்கள்? பிள்ளைகள் கோரிக்கைகளை எழுதிக்கொண்டு நிர்வாகக் குழுவிடம் போனார்கள். குழு கேட்டுக்கொண்டது. பிறகு, நம் பள்ளியில் பாகுபாடே கிடையாது என்று அறிவித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருடம் டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை வகுப்பைவிட்டு எல்லாரும் வெளியேறுவது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் லிப்ராடோ லாரிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு முட்டிகள் சரளைக் கல்லில் பதிவது தெரிந்தது. இதாலியாவின் குரல் ஆசீர்வாதம் கேட்டது. அவர் உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கையைச் சட்டையில் துடைத்து, அவள் நெற்றியில் சிலுவை போட்டார். துடைத்தும் எண்ணெய் போகவில்லை. அவள் நெற்றியில் கறுப்பாக ஒட்டியது.

"எங்கம்மா கிளம்பிட்ட, இந்தக் குளிர்ல?" என்றார்.

"வெளிய, பத்ரீனோ. ஸ்கூல விட்டு வெளிய." ஞானத்தகப்பனை அவள் பத்ரீனோ என்றுதான் கூப்பிடுவாள்.

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் எழுந்து நின்று விவரமாகச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டதற்கு அவர், உன் ஞானத்தகப்பன் ஆசீர்வாதம் கொடுத்தால் நான் தடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மக்காரியோ தன் பாரத்தை அழகாக இங்கே தள்ளிவிட்டிருக்கிறார் என்று லிப்ராடோவுக்குப் புரிந்தது. கோபம் வந்தது. ஆனால் கேள்வி கேட்கும் முன் கையைத் தூக்கியது யார்? கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டியதை அவர் கொடுத்துவிட்டுக் கேட்டிருந்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் செய்தி பரவிவிட்டது. மற்ற ஞானப்பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? வரிசையாக முட்டிபோட்டார்கள். இந்த முறை கண்ணைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினார். அது இன்னும் கடினமாக இருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வெளியேறினார்கள். இப்போது லாரியின் பாடு.

குளிர்காலத்தில் லிப்ராடோவின் லாரி சும்மா நின்றதில்லை. ஊருக்கு வெளியே பசலைக்கீரையை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று இருந்தது. வயலிலிருந்து ஆலைக்குக் கீரை ஏற்றும் வேலை அவருக்கு. அந்த வருமானத்தில்தான் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, டயர் மாற்றி, ஏப்ரல் பயணத்துக்கு லாரியைத் தயார் செய்வார். கீரை இல்லையென்றால் லாரி இல்லை. லாரி இல்லையென்றால் குடும்பங்கள் வேறு லாரிக்குப் போய்விடும். ஆலை மேலாளர் ஹாஸ்கெட், பள்ளி நிர்வாகக் குழுவிலும் ஓர் ஆள்.

செவ்வாய்க்கிழமை அவர் ஆலை வாசலில் லிப்ராடோவை நிறுத்தினார். முழுப் பெயரைச் சொல்லச் சோம்பல்பட்டு எப்போதும் 'லீ' என்றுதான் கூப்பிடுவார். குரலில் கடுமை எதுவும் இல்லை. காப்பிகூட வரவழைத்தார். வெளியே நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் உன் ஞானப்பிள்ளைகளாமே, நீ ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே போய்விடுவார்கள், வெள்ளிக்கிழமைக்குள் போனால் எல்லாருக்கும் நல்லது, போகாவிட்டால் கீரைக்கு வேறு லாரி பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு உண்மையிலேயே வருத்தப்பட்டவராகச் சொன்னார்:

"இத்தன வருஷத்துல நான் உனக்கு என்ன கொறை வெச்சேன் லீ? நன்றி உள்ள ஆளுன்னு நெனச்சிருந்தேன்."

லிப்ராடோ காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். அவரைத் தைத்தது மிரட்டல் அல்ல. ஹாஸ்கெட்டின் முகம் அவருக்கு மிகவும் பழக்கமான முகமாக இருந்ததுதான். ஏப்ரல் காலையில் லாரி பக்கத்தில் நிற்கும் தன்னுடைய முகமும் ஏறுகிறவர்களுக்கு இப்படித்தான் தெரிந்திருக்குமோ? கொடுத்தவன் எதிர்பார்த்து நிற்கும் நன்றிக்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று தோன்றியது. என்ன பெயர் என்று தோன்றவில்லை.

வீட்டில் சோனா பீன்ஸ் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளைகளிடம் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னதும் கரண்டியை வைத்தாள்.

"பேசுங்க, யார் வேணாம்னா? குடுத்த ஆசீர்வாதத்த எதால தொடைக்கப் போறீங்க? மண்ணெண்ணெய்லயா? அந்தப் பொண்ணு நெத்தியில உள்ள கறையே இன்னும் போகலன்னு அவங்கம்மா புலம்புறா."

"லாரி போயிடும் சோனா."

"தெரியும். போனா ரெண்டு பேரும் நடப்போம். உங்களுக்குத் தொந்தி கொறையும்."

அவள் சிரிக்கவில்லை. லாரி போனால் என்ன ஆகும் என்று அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மக்காரியோவையும் போய்ப் பார்த்தார். சண்டை போடக் கூடாத உறவு என்பதால் இருவரும் மிகுந்த மரியாதையோடு குத்திக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவர் நீங்கள், முடிவை என் தலையில் கட்டிவிட்டீர்களே என்றார் லிப்ராடோ. மக்காரியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு நான் சொல்லியிருந்தா உங்க லாரிக்குப் பயந்து சொன்ன மாதிரி ஆயிடும், கொம்பாத்ரே. சரின்னு சொல்லியிருந்தா உங்க லாரிய நான் கவுத்த மாதிரி ஆயிடும். வேற எங்க அனுப்புவேன், சொல்லுங்க."

லிப்ராடோ எழுந்து தன் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை வடக்கிலிருந்து வாடைக்காற்று இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கு எதிரே, இலை உதிர்ந்த மெஸ்கீட் மரங்களுக்கு அடியில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த அரையாண்டு மதிப்பெண் கிடையாது, கடைசி வகுப்புப் பிள்ளைகள் மே மாதத்தை மறந்துவிடலாம் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். பாடம் விட்டுப்போகக் கூடாது என்று சான் அந்தோனியோ நகரத்திலிருந்து சில வாத்தியார்கள் சொந்தச் செலவில் வந்து, ஆலையைத் தாண்டி ஒரு பண்ணைக் கொட்டகையில் வகுப்பு எடுக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் இடம் தர யாருக்கும் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் அங்கே நடந்து போவதாக இருந்தார்கள்.

லிப்ராடோ லாரியை மரத்தடியில் நிறுத்தினார். உள்ளே போங்கள் பிள்ளைகளா, மற்றதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வாக்கியத்தை அடுக்கி வைத்திருந்தார். இறங்கி, பின்பக்கம் போனார். ஆட்கள் கூட்டமாக நின்றால் லாரியை நிறுத்தியதும் பின்கதவின் முளையை உருவிக் கீழே இறக்கிவிடுவது அவருடைய எத்தனையோ வருடப் பழக்கம். இறக்கிவிட்டார்.

பிள்ளைகள் ஏறினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய பிள்ளைகள் முதலில் ஏறிக் கை கொடுத்துச் சின்னவர்களைத் தூக்கினார்கள். காற்று அடிக்கும் முன்பக்கத்தில் பையன்கள், நடுவில் பெண்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏப்ரலில் எந்த இடத்தில் உட்காருமோ அந்த இடத்தில் அதன் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். தார்ப்பாயின் ஓரத்தை யார் பிடிப்பது என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பீட்ரூட்டுக்குப் போக மட்டுமே ஏறத் தெரிந்த லாரியில், இப்போது பாடப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதாலியா மட்டும் கீழே நின்றாள்.

"கீரை வேல போயிடும்னு அப்பா சொன்னாரு. நீங்க சொன்னா எல்லாரும் எறங்கிடுவோம் பத்ரீனோ. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம். நடந்து போறதுக்குத்தான் வந்தோம்."

வாடைக்காற்றில் அவள் உதடு வெடித்திருந்தது. அவர் பள்ளிக்கூடக் கட்டிடத்தைப் பார்த்தார். அங்கே அவரும் மூன்றாம் வகுப்புவரை படித்திருக்கிறார், அல்லது உட்கார்ந்திருக்கிறார். அடுக்கி வைத்த வாக்கியம் அவருக்கு நினைவில் இருந்தது. அதைச் சொல்லவும் முடியும். தடுக்க யாரும் இல்லை. மனிதன் பழக்கத்தால் செய்வதை அவன் செய்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்து அவர் செய்தது பழக்கத்தால் அல்ல. அதைச் செய்வதற்கு முன்பு அவர் வெகுநேரம் நின்றார்.

"முன்னால ஏறு. ஸ்டவ் வெச்ச மாதிரி சூடா இருக்கும்" என்றார்.

பின்கதவைத் தூக்கி நிறுத்தினார். முளையைச் செருகினார். கையால் தட்டி உறுதிப்படுத்திக்கொண்டார்.

கொட்டகைக்குச் சுற்றுவழி ஒன்றும் உண்டு. அவர் ஆலை வழியாகவே போனார். வீரத்துக்காக அல்ல, அந்தப் பாதையில் குழி குறைவு. ஆலை வாசலில் ஹாஸ்கெட் நின்றிருந்தார். லிப்ராடோ தொப்பியின் ஓரத்தைத் தொட்டு வணக்கம் சொன்னார். கீரை வேலை அங்கேயே முடிந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க அவர் பிள்ளைகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். ஜனவரியில் நிர்வாகக் குழு இறங்கிவந்தது. எல்லாம் கிடைத்துவிடவில்லை. மரப்பலகை அலமாரிக்குள் போனது. சியர் லீடர்களை இனி மாணவர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றானது. மதிப்பெண் வெட்டப்படவில்லை. சில வாத்தியார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பாடம் நடத்தினார்கள். ஆனாலும் இதாலியாவின் மே மாதம் அவளிடமே திரும்பியது.

லாரியின் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. எஞ்சின் இருமியது. பிப்ரவரியில் பக்கத்து ஊர் லாரிக்காரர் ஒருவர் மெக்சிகத் தெருவில் வீடு வீடாக வந்தார். புது லாரி, ஏப்ரல் முதல் வாரமே கிளம்பலாம் என்றார். லிப்ராடோ யாரையும் தடுக்கவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை. சிலர் போனார்கள். அவர்களுக்கும் பசி உண்டு. அவர்களைக் குறை சொல்ல அவர் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. மற்ற ஆண்கள் பழைய டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு டயர் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. மக்காரியோ எஞ்சினுக்குள் தலையை விட்டபடி, யாரோ பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர்கள் ஏப்ரலில் கிளம்பவில்லை. பள்ளி முடியட்டும் என்று காத்திருந்து, இதாலியா சான்றிதழ் வாங்கிய மறுநாள் கிளம்பினார்கள். தாமதமாக வந்ததற்காக மினசோட்டாப் பண்ணைக்காரர் பாதி வயல்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். எல்லாக் குடும்பத்துக்கும் வரிசைகள் குறைந்தன. அதைப் பற்றி ஒருவரும் லிப்ராடோவிடம் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவருக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே பெரியது என்று பிற்காலத்தில் சோனாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூலையில், களை கொத்தும் வேலை முடிவதற்குள், இதாலியா கிளம்ப வேண்டியிருந்தது. சான் அந்தோனியோவில் ஒரு கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது, முன்பயிற்சிக்கு முன்கூட்டியே வரச் சொன்னது. பஸ் நிறுத்தத்துக்கு லிப்ராடோவே கொண்டுபோய்விட்டார். பஸ் வரும்வரை இருவரும் நிழலில் நின்றார்கள்.

"பத்ரீனோ, அன்னிக்கு எங்கள உள்ள போகச் சொல்லத்தான வந்தீங்க?"

"ஆமா."

"மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா எல்லாரும் ஏறுனீங்க?"

"குளிருச்சு பத்ரீனோ."

அவர் சிரித்தார். பஸ் வந்தது. அவள் நன்றி என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு, நான் மொதல்ல சொல்லிக்கறேன். அன்னிக்கு நீங்க ஏறாம இருந்திருந்தா நான் அப்படியே வண்டியத் திருப்பிட்டு ஆலைக்குப் போயிருப்பேன். ஏத்துன கீரைய எண்ணிக்கிட்டே செத்திருப்பேன். நல்லவேள, உங்களுக்குக் குளிருச்சு. நன்றிம்மா."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அவர் வயலுக்குத் திரும்பியபோது வெயில் உச்சியில் இருந்தது. மக்காரியோ குடும்பத்தின் வரிசைகளில் ஒன்று மட்டும் பின்தங்கி நின்றது. இதாலியா பாதியில் விட்டுப்போன வரிசை. லாரிக்காரர்கள் களைக்கொத்தியைத் தொடுவதில்லை. வரப்பில் நின்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை, தொட்டால் மதிப்புப் போய்விடும் என்று அவர்களே நம்பினார்கள். லிப்ராடோ சட்டைக் கையை மடித்துவிட்டு, வரப்பில் கிடந்த அவளுடைய கொத்தியை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார். கொத்தத் தெரியாமல் களையோடு ஒரு பீட்ரூட்டையும் சேர்த்து வெட்டினார்.

பக்கத்து வரிசையில் மக்காரியோ நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து, பதினேழு வருட மரியாதையைத் தாண்டி, வாய்க்கால் காலத்துப் பேச்சு வந்தது.

"டேய், கிழங்க விட்டுட்டுக் களைய வெட்டுடா."

லிப்ராடோவுக்குக் கோபம் வரவில்லை. "சரிடா" என்றார். இருவரும் வரிசையின் கடைசிவரை பக்கத்தில் பக்கத்தில் கொத்திக்கொண்டு போனார்கள்.